ஐப்பசி மாதச் செய்திமடலில் பாதுகாப்புப் பக்கத்தை எப்படி எழுதுவது?

கேள்வி கேட்டவர்: அஸ்தம்பட்டிவாசி

அனைவருக்கும் வணக்கம். சேலத்தில் ஓமலூர் சாலையை ஒட்டிய ஓர் இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலையில், பணியாளர் நலப் பிரிவில் வேலை செய்கிறேன். மூன்று ஷிப்டுகளிலும் சேர்த்து ஏறத்தாழ முந்நூறு பேர் இருக்கிறோம். மாதந்தோறும் நான்கு பக்கச் செய்திமடல் ஒன்றை அச்சிட்டு, கேன்டீனில் கைகழுவும் இடத்துக்கு மேலே ஒட்டி, வாட்ஸ்அப் குழுவிலும் அனுப்புவது என் பொறுப்பு. பணி ஓய்வு பெறுபவர்கள், திருமணங்கள், குழந்தைப் பிறப்பு, ரத்ததான முகாம், பண்டிகை முன்பணம், போனஸ் என்று மூன்று பக்கங்கள் தாமாகவே நிரம்பிவிடுகின்றன. அவற்றை எல்லோரும் படிக்கிறார்கள். நான்காம் பக்கம்தான் பாதுகாப்புப் பக்கம். அதை ஒருவரும் படிப்பதில்லை.

இதில் என் தவறும் உண்டு. எங்கள் தாய் நிறுவனம் இங்கிலாந்தில் இருப்பதால், ஒவ்வொரு செப்டம்பர் இறுதியிலும் ‘இலையுதிர் காலப் பாதுகாப்பு’ என்ற தலைப்பில் அங்கிருந்து ஒரு குறிப்பு வரும். நனைந்த இலைகள் நடைபாதையில் வழுக்கும், வீட்டைச் சூடாக்கும் கருவியிலிருந்து கார்பன் மோனாக்சைடு கசியலாம், அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்புவதால் மாலையில் திடீரென இருட்டிவிடும் என்பவை அதில் இருக்கும். அந்த ஊருக்கு அவை மிகச் சரியான எச்சரிக்கைகள். சென்ற ஆண்டு நேரமின்மையால் அதை அப்படியே தமிழாக்கி, சிவந்த இலைப் படத்துடன் வெளியிட்டேன். லேத் பிரிவில் மூத்த பணியாளர் ஒருவர், “சார், நம் ஊர் வேப்பமரம் மாசி, பங்குனியில்தானே இலை உதிர்க்கும்? ஐப்பசியில் யார் உதிர்த்தது?” என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் அந்தச் சிரிப்போடு பாதுகாப்புப் பக்கத்தின் மரியாதையும் போய்விட்டது.

தமிழ் மரபில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். ஆயுத பூஜை முதல் கார்த்திகை தீபம் வரையிலான அந்த நாட்களுக்கு, நம் ஊரின் மழையையும் சாலையையும் பண்டிகையையும் அறிந்து எழுதிய ஒரு பக்கம் வேண்டும். அதில் எதைச் சேர்ப்பது, அதைவிட முக்கியமாக எப்படிச் சொன்னால் படிப்பார்கள் என்பதை அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

---

பதில் 1: ஓய்வுபெற்ற பாதுகாப்பு அலுவலர்

நண்பருக்கு, நான்காம் பக்கத்தை ஒழித்துவிடுங்கள் என்பதே என் முதல் யோசனை. பாதுகாப்புக்கென்று தனிப் பக்கம் ஒதுக்கினால், அதைத் தாண்டிப் போவது எளிதாகிவிடுகிறது. ஆயுத பூஜைச் செய்தியை எழுதும்போதே அதற்குள் ஆயுத பூஜையின் ஆபத்தையும் எழுதுங்கள். முப்பது ஆண்டுகளில் நான் கண்டவரை, இந்தப் பருவத்தின் விபத்துகளில் மழையைவிடப் பண்டிகைக்கு முந்தைய நாளுக்கும் பிந்தைய நாளுக்கும்தான் பங்கு அதிகம்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். நான் பணியாற்றிய ஓர் ஆலையில் ஆயுத பூஜைக்கு முன்தினம் இயந்திரங்களைத் துடைத்து, பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டினார்கள். நன்றாகத் துடைக்க வேண்டும் என்ற ஆர்வத்தில் ஒரு பிரஸ்ஸின் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தவர், விடுமுறை முடிந்த காலையில் வேறு ஷிப்டுக்கு மாறியிருந்தார். காலையில் வந்தவருக்குத் தடுப்பு இல்லாதது கண்ணில் படவில்லை; மாலை போட்டிருந்த இடத்தில் அது மறைந்திருந்தது. கை தப்பியது, உறை மட்டும் கிழிந்தது. அதன்பின் நாங்கள் வைத்த வழக்கம் மிக எளிது: துடைக்கும் முன் மின்சாரத்தை நிறுத்திப் பூட்டுப் போட்டு, சாவியைத் துடைப்பவரே வைத்துக்கொள்ள வேண்டும். பூஜை முடிந்த மறுநாள் உற்பத்தி தொடங்குமுன், கழற்றிய ஒவ்வொன்றும் மாட்டப்பட்டதா என்று மேற்பார்வையாளர் நடந்து பார்த்த பிறகே சாவி திரும்பும்.

இன்னொன்று பூசணிக்காய். திருஷ்டி கழித்து வாயிலுக்கு முன்னால் சாலையிலேயே உடைக்கிறோம். அன்று மாலை இருசக்கர வாகனத்தில் ஷிப்டுக்கு வருபவர் அந்தச் சதையில் வழுக்கி விழுகிறார். இங்கிலாந்துக்காரருக்கு நனைந்த இலை எப்படியோ, நமக்குப் பூசணிக்காய் அப்படி. உடைப்பதை வளாகத்துக்குள் ஓரமாக வைத்துக்கொண்டு, உடைத்த கையோடு அள்ளிவிட வேண்டும் என்று ஒரு வரி எழுதினால், உங்கள் லேத் பிரிவு மூத்தவர் நிச்சயம் படிப்பார்.

கடிகாரத்தை நாம் திருப்புவதில்லை என்றாலும் இருட்டு நமக்கும் உண்டு. நவம்பரில் சேலத்தில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. மேகம் கூடினால் ஐந்தரைக்கே விளக்குப் போட வேண்டியிருக்கிறது. மாலை ஷிப்டு மாறும் நேரமும் அதுவேயானால், இரண்டு ஷிப்டுக்காரர்களும் ஒரே வாயிலில், ஈரச் சாலையில், அரை இருட்டில் சந்திக்கிறார்கள். வாயில் விளக்கை எரியவிடும் நேரத்தை மாற்றுங்கள் என்று நிர்வாகத்திடம் கேட்பது பணியாளருக்குப் பத்து அறிவுரை சொல்வதைவிடப் பயன் தரும்.

கடைசியாக, ‘தப்பிய விபத்து’ என்று மாதம் ஒன்றை உங்கள் ஆலையிலிருந்தே எடுத்து எழுதுங்கள். வெளியூர் விபத்தை யாரும் நம்புவதில்லை.

---

பதில் 2: தொழிற்சங்கக் குரல்

மேலே கூறியவர் சொன்னது சரி. ஆனால் ஒரு நிபந்தனையுடன். தப்பிய விபத்தைச் செய்திமடலில் எழுதும்போது ஆளின் பெயரையோ, அவர் யாரென்று ஊகிக்க உதவும் பிரிவு, ஷிப்டு விவரங்களையோ எழுதக் கூடாது. நான் வேலை பார்த்த ஓரிடத்தில், வழுக்கி விழப்போனதைத் தாமாகவே வந்து சொன்ன ஒருவருக்கு, காலணி அணியவில்லை என்று விளக்கம் கேட்கும் கடிதம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் அங்கே ‘தப்பிய விபத்து’ ஒன்றுகூடப் பதிவாகவில்லை. நிர்வாகம் அதைச் சாதனை என்று கொண்டாடியது.

முந்நூறு பேர் உள்ள இடத்தில் தொழிலாளரும் நிர்வாகமும் சேர்ந்த பாதுகாப்புக் குழு இருந்தால், எதை வெளியிடுவது என்பதை அந்தக் குழுவே முடிவு செய்யட்டும். சொன்னவருக்குத் தண்டனை இல்லை என்ற வரியை மேலாளர் கையொப்பத்துடன் ஒருமுறை அச்சிடுங்கள். போனஸ் செய்திக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள், குறைந்தபட்சம் 8.33 சதவீதம் என்ற எண்ணைத் தேடி வரும் கண் அதையும் பார்க்கும்.

---

பதில் 3: ஏற்காட்டுத் தோட்ட எழுத்தர்

நான் சேர்வராயன் மலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் எழுத்தராக இருக்கிறேன். எங்கள் நிலைமை வேறு. பழம் பறிக்க வருபவர்களில் பாதிப் பேருக்கு மேல் படிக்கத் தெரியாது. நவம்பரில் அரபிகா பறிப்பு தொடங்கும்போது வெளியூர் ஆட்களும் சேர்ந்துகொள்கிறார்கள். ஆகையால் எங்கள் செய்திமடல் காகிதத்தில் இல்லை. காலை ஆள்கணக்கு எடுக்கும்போது நான் வாசிப்பதுதான் அது. யாருக்குப் பேரன் பிறந்தான் என்பதில் தொடங்கி, எந்தக் காட்டில் நேற்று காட்டெருமைக் கூட்டம் நின்றது என்பதில் முடியும். காட்டெருமைச் செய்தியைச் சொல்லும்போது ஒருவரும் பேசமாட்டார்கள். பனிமூட்டத்தில் பத்தடிக்கு அப்பால் தெரியாத காலையில், அது ஊர்ச் செய்தி, பாதுகாப்புச் செய்தி என்று பிரித்துப் பார்க்கக்கூடியதாக இல்லை.

உங்கள் பணியாளர்களில் மலையிலிருந்து தினமும் இறங்கி வருபவர்கள் இருந்தால், அவர்களுக்காக இதை எழுதுங்கள். சேலத்திலிருந்து வரும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை; இறங்குபவர் ஒதுங்கி வழிவிட வேண்டும். எந்த கியரில் ஏறுவோமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். பிரேக்கையே நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். மூடுபனியில் ஹைபீம் போட்டால் ஒளி பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். தாழ்ந்த விளக்குதான் வழி காட்டும்.

2024ஆம் ஆண்டு நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில் இருக்கும் நமக்கென்ன என்று நாங்களும் இருந்தோம். அடுத்த இரண்டு நாட்கள் ஏற்காட்டில் பெய்த மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அன்று தோட்டத்துக்கு வர முடியாதவர்கள் யார், வழியில் சிக்கியவர்கள் யார் என்று எனக்குத் தெரிய மாலை ஆகிவிட்டது. இப்போது மலைக்கு மேலும் கீழுமாகப் போய்வருபவர்களின் பட்டியலும், அவர்கள் வீட்டு எண்ணும், மாற்றுவழியான குப்பனூர்ச் சாலையின் நிலையை யாரிடம் கேட்பது என்பதும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. மலையில் பெய்தது மலையோடு நிற்பதும் இல்லை. திருமணிமுத்தாறு இந்த மலையில்தான் தோன்றுகிறது. நகரில் தூறல்கூட இல்லாத நாளிலும் ஆறு நிறைந்து வரலாம். தாழ்வான பகுதிகளில் வீடு உள்ள உங்கள் பணியாளர்களுக்கு அது தெரிந்திருப்பது நல்லது.

அலுமினிய ஏணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மழையில் ஒடிந்த சில்வர் ஓக் கிளைகளைக் கழிக்க அதை நிமிர்த்தித் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். மேலே மின்கம்பி போவதை இலைகள் மறைத்துவிடுகின்றன. ஏணியைப் படுக்கவைத்து, முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் பிடித்துத்தான் கொண்டுபோக வேண்டும் என்பது எங்களிடம் மாறாத சட்டம். உங்கள் ஆலையில் கூரை ஒழுகலைப் பார்க்க ஏறுபவர்களுக்கும் இது பொருந்தும்.

---

பதில் 4: மருந்தகச் செவிலியர்

ஒரு தொழிற்சாலை மருந்தகத்தில் செவிலியராக இருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் என்னிடம் வருபவர்களில் காயத்தோடு வருபவர்களைவிடக் காய்ச்சலோடு வருபவர்களே அதிகம். ஆகவே அதற்கும் இடம் ஒதுக்குங்கள்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் அல்ல, நல்ல தண்ணீரில் முட்டையிடுகிறது. பகலில், அதாவது வேலை நேரத்தில் கடிக்கிறது. முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் ஆவதால், வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டிவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால் தேய்த்துக் கழுவ வேண்டும். உங்கள் ஆலையில் எங்கே தேடுவது என்றால், பழைய டயர், கவிழ்க்காத எண்ணெய் டிரம், ஏசியின் சொட்டுநீர்த் தட்டு, மேற்கூரையில் மழைநீரைத் தாங்கி நிற்கும் தார்ப்பாயின் மடிப்பு ஆகியவற்றில் தேடுங்கள். ‘சனிக்கிழமை டிரம் கவிழ்ப்பு’ என்று பெயர் வைத்து, எந்தப் பிரிவு கவிழ்த்தது என்று செய்திமடலில் போட்டால் போட்டி போட்டுச் செய்வார்கள்.

காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரையைத் தாமாக வாங்கிப் போடக் கூடாது; ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போன்றவை டெங்குவில் ரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சல் இறங்கிய நாளில் பலர் வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். உண்மையில் டெங்குவில் ஆபத்து தொடங்குவதே பெரும்பாலும் அப்போதுதான். கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தம், மயக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தோட்ட எழுத்தர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். புதரில் வேலை செய்பவருக்குக் காய்ச்சல் என்றால் ஸ்க்ரப் டைஃபஸையும் நினைவில் வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள உண்ணிக் குஞ்சு கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கருப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது என்பதால் நோயாளி சொல்லமாட்டார். அது அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும் ஒளிந்திருக்கும். எல்லோரிடமும் காணப்படும் என்றும் இல்லை. டாக்ஸிசைக்ளின் என்ற எளிய மருந்துக்குக் கட்டுப்படும் நோய், கவனிக்காமல் விட்டால் உயிரையே எடுக்கும்.

தீபாவளிக்கு ஒரே வரி போதும்: சுட்டால் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீர், பேஸ்ட், மை, மாவு எதுவும் வேண்டாம்.

---

கேள்வி கேட்டவரின் மறுமொழி: அஸ்தம்பட்டிவாசி

நால்வருக்கும் நன்றி. பாதுகாப்புப் பக்கத்தைத் தனியாகப் போடுவதை இந்த மாதம் நிறுத்துகிறேன். ஆயுத பூஜைச் செய்தியில் பூட்டுச்சாவியும் பூசணிக்காயும், போனஸ் செய்திக்கு அருகில் மேலாளரின் உறுதிமொழியும் இடம்பெறும். உறுதிமொழிக்கு மேலாளர் இன்னும் கையொப்பமிடவில்லை, வெள்ளிக்கிழமை தொழிற்சங்கச் செயலாளருடன் சேர்ந்து சென்று கேட்கவிருக்கிறோம். ஏற்காட்டிலிருந்து வருபவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தேன்: பதினொருவர். இதுவரை அந்த எண்ணிக்கை எங்கள் பிரிவில் யாருக்கும் தெரியாது. செவிலியர் அம்மா சொன்னபடி இன்று மதியம் வளாகத்தைச் சுற்றி வந்தேன். எட்டு டிரம்களில் தண்ணீர் நின்றது, அவற்றில் இரண்டு என் அறை ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தன.

இங்கிலாந்திலிருந்து இந்த ஆண்டுக் குறிப்பும் வந்துவிட்டது. பதிலாக நம் ஐப்பசிக் குறிப்பை ஆங்கிலத்தில் எழுதி அவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன். பூசணிக்காயை ஏன் சாலையில் உடைக்கிறீர்கள் என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது.

---

பதில் 5: ஏற்காட்டுத் தோட்ட எழுத்தர்

கைகழுவும் இடத்துக்கு மேலே ஒட்டுவதாகச் சொன்னீர்கள். மழைக்காலத்தில் ஈரத்தில் மை பரவிவிடும். லேமினேஷன் போட்டு ஒட்டுங்கள், அல்லது சாப்பாட்டு வரிசை நிற்கும் சுவருக்கு மாற்றுங்கள். வரிசையில் நிற்பவருக்குப் படிக்கவும் நேரம் இருக்கும்.