புதுப்பிப்பு: கூலன்ட், பிரேக் ஆயில் பற்றிய இழைக்குத் தொடர்ச்சி

வண்டிக்கு வீட்டிலேயே ஆயில், கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஊற்றுவது பற்றிய முந்தைய பதிவின் கீழ் அதிகம் வந்த கேள்வி: “காரைக்குடி சம்பை ஊற்றுத் தண்ணி நல்ல தண்ணிதானே, ரேடியேட்டரில் ஊற்றினால் என்ன?”

குடிக்க இனிக்கும், சரி. ஆனால் நாக்குக்கு இனிக்கும் தண்ணியிலும் உப்பு கரைந்திருக்கும். சூட்டில் அது படிந்து ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும். வெறும் தண்ணியாகவே ஊற்றிக்கொண்டிருந்தால் கூலன்டில் உள்ள துருத்தடுப்பானும் நீர்த்துப்போகும். டிஸ்டில்டு வாட்டர்தான் வேண்டும். அடர் கூலன்ட் என்றால் பாதிக்குப் பாதி கலக்கவும். ‘ரெடி டு யூஸ்’ என்று போட்டிருந்தால் எதுவும் கலக்க வேண்டாம். நிறம் ஒன்றாக இருப்பதால் வகையும் ஒன்றென்று நம்பாதீர்கள், மேனுவலைப் பாருங்கள். தேவகோட்டை வெயிலில் ஓடி வந்து நின்ற வண்டியின் ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது. அழுத்தத்தில் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

பிரேக் ஆயில் குறைந்தால் உடனே ஊற்றுவதுதான் பலர் செய்வது. பிரேக் பேட் (சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் தேய்மானக் கட்டை) தேயத் தேய ஆயில் மட்டம் தானாக இறங்கும், முதலில் அதைப் பாருங்கள். ‘மேக்ஸ்’ கோடு வரை நிரப்பிவிட்டால், புதுப் பேட் மாட்டும்போது அதை அழுத்தும் பிஸ்டனைப் பின்னே தள்ள, ஆயில் வழிந்து பெயின்டை உரிக்கும். பேட் நன்றாக இருந்தும் இறங்கினால் கசிவு. டாட் 3, 4 வகை பிரேக் ஆயில்கள் ஈரத்தை உறிஞ்சும், எனவே திறந்துவைத்த பழைய டப்பா வேண்டாம். டாட் 5 சிலிக்கான், இவற்றோடு சேராது.

என்ஜின் ஆயில்: வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, 200 மில்லி வீதம் ஊற்றி ஊற்றி மட்டத்தைப் பார்க்கவும்.