தேதிக்கு முன்பே மணக்கும் பாட்டில் நீர்

மொரிஷியசின் ரோஸ் ஹில்லில் வசிக்கிறேன். தைப்பூசக் காவடிக்கு வாங்கியதில் மீந்த 20 ஐந்து லிட்டர் பாட்டில்களை, புயல் காலத்துக்கு உதவுமே என்று, தகரக் கூரையிட்ட கார் கொட்டகையில் அடுக்கியிருந்தேன். 3 மாதம் கழித்துத் திறந்தால், நீர் தெளிவாக இருந்தும் பிளாஸ்டிக் வாடையும் லேசான இனிப்பும் தெரிகின்றன. அச்சிட்ட தேதிக்கோ இன்னும் 14 மாதங்கள் உள்ளன.

இன்னொன்றைத் திறந்தேன், அதுவும் அப்படியே. கொதிக்கவைத்து ஓர் இரவு ஆறவிட்டும் வாடை குறைந்ததே தவிர அகலவில்லை. கடைக்காரர் தேதியையே சுட்டிக்காட்டுகிறார்.

தண்ணீர் தானாகக் கெடாது என்பதும், வெப்பத்தில் பாட்டிலின் பெட் (PET) பிளாஸ்டிக்கிலிருந்து அசிட்டால்டிஹைடு என்ற வாடை தரும் வேதிப்பொருளும் ஆன்டிமனி என்ற தனிமமும் கசியும் என்பதும், வெளி ஆவிகள் அதன் சுவரை ஊடுருவும் என்பதும் தெரியும். அருகில் பெயின்ட் டப்பாக்களும் இருந்தன; அது என் கவனக்குறைவு.

மீதமுள்ள 18 பாட்டில்களின் நீரைக் குடிக்கலாமா, கழுவுவதற்கு மட்டும் ஒதுக்க வேண்டுமா?