புதுப்பிப்பு: டெங்கு வைரஸின் ஆர்.என்.ஏ. மடிப்பைக் கணினியில் கணித்தல்

திருகோணமலையில் உயர்தர உயிரியல் மாணவர்களுக்கு, டெங்கு வைரஸின் ஆர்.என்.ஏ. எவ்வாறு மடிகிறது என்பதைச் சாதாரண மடிக்கணினியில் காட்ட முடியுமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். இரண்டாம்நிலைக் கட்டமைப்பு வரை, அதாவது எந்த எழுத்து எதனுடன் இணைசேர்கிறது என்பது வரை, தாராளமாக முடிகிறது.

நீங்கள் பரிந்துரைத்த வியன்னா ஆர்.என்.ஏ. என்னும் இலவச மென்பொருளில், ஏறத்தாழ 10,700 நியூக்கிளியோரைட்டுகள் (ஆர்.என்.ஏ.யின் எழுத்துகள்) கொண்ட முழு மரபணுத்தொகுதியை விடுத்து, புரதமாக மாற்றப்படாத 3′ முனைப் பகுதியை (இழையின் வால் பக்கம்) மட்டும் இட்டோம். எழுத்து வரிசையின் கீழே புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் வந்தன. இணைசேர்ந்தவற்றுக்கு அடைப்புக்குறி, சேராதவற்றுக்குப் புள்ளி என்று சொன்னதுமே, இணைசேர்ந்த கடைசித் தண்டையும் அதன் நுனியில் சேராதிருக்கும் வளையத்தையும் மாணவர்கள் தாமாகவே திரையில் தொட்டுக் காட்டினர். மென்பொருள் இயல்பாக 37 பாகை செல்சியஸையே எடுத்துக்கொள்கிறது. நுளம்பின் உடலிலும் இவ்வைரஸ் பெருகுவதால் 28 பாகையிலும் கணித்தோம். மடிப்பின் நிலைப்பைக் காட்டும் சுயாதீன சக்தி மேலும் குறைந்து, மடிப்பு இன்னும் உறுதியானது. 2017இல் அருகிலுள்ள கிண்ணியாவில் டெங்கு உயிர்களைப் பறித்ததை அறிந்த பிள்ளைகள் இவர்கள், கேள்விகள் ஓயவில்லை.

ஆனால் முக்கியமான ஒன்று இதில் தெரியாது. நம் கலத்திலுள்ள எக்ஸ்.ஆர்.என்.1 நொதியம் இந்த ஆர்.என்.ஏ.யை 5′ பக்கத்திலிருந்து (தலைப் பக்கம்) சிதைத்து வரும்போது, 3′ பகுதியில் வளையமாகச் சுற்றிய ஒரு போலிமுடிச்சு (ஒரு வளையத்தின் எழுத்துகள் அதற்கு வெளியே உள்ளவற்றுடன் இணைசேரும் மடிப்பு) அதைத் தடுத்துவிடுகிறது. வழமையான கணிப்புமுறை போலிமுடிச்சுகளைக் கணக்கில் எடுப்பதில்லை. அது நொதியத்தைத் தடுப்பதை அணு அளவில் பார்க்க, ஒவ்வோர் அணுவையும், சூழ்ந்த நீரையும் மகனீசியம் அயன்களையும் சேர்த்து மூலக்கூற்று இயக்கவியல் பாவனையாக்கம் (அணுக்களின் அசைவைக் கணினியில் கணித்தல்) செய்ய வேண்டும். அதைச் செய்தவர்கள், மகனீசியத்துக்கு எந்த விசைப்புலத்தை (அணுக்களுக்கிடையிலான விசைகளைக் கணிக்கும் சூத்திரத் தொகுப்பு) தெரிவுசெய்தீர்கள் என்று அறியத்தாருங்கள்.