பத்தா, இருபத்தைந்தா? செட்டிபாளையத்தில் ஓட்ட எந்த லாகர்

பட்டறைக்காரன் (கோவை கணபதி):
கோவை செட்டிபாளையத்துப் பந்தயத் தடமான காரி மோட்டார் ஸ்பீட்வேயில் முதன்முறையாகத் தன் போலோ காரை ஓட்டப்போகும் திருப்பூர்த் தம்பி ஒருவர், வேகத்தையும் வீடியோவையும் சேர்த்துப் பதிய எந்த லாகர் (பதிவுக் கருவி) வாங்கலாம் என்று கேட்டிருந்தார். அதற்கு நம் ஈரோட்டார், "வினாடிக்கு 25 முறை ஜிபிஎஸ் பதியாத லாகர் எல்லாம் குப்பை, 10 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 10 முறை பதியும் கருவியை எடைக்குப் போடு" என்று அருள்வாக்குச் சொல்லியிருக்கிறார். படித்ததும் குடித்த காப்பி கசந்துவிட்டது. ரேஸ்லாஜிக் நிறுவனத்தின் விபாக்ஸ் வீடியோ எச்டி2 லாகர் இரண்டு கேமராக்களோடு வருகிறது, விலை லட்சத்தைத் தாண்டும். அதன் ஜிபிஎஸ் 10 ஹெர்ட்ஸ்தான். அதை வைத்து ஓட்டக் கற்றுக்கொடுக்கிற அத்தனை பேரும் நாளைக்கே காயலான் கடைக்குப் போய் வரிசையில் நிற்கட்டுமா?

ஈரோடு மஞ்சள்:
அண்ணா, கணக்குப் போட்டால் கோபம் வராது. மணிக்கு 108 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 30 மீட்டர். 10 ஹெர்ட்ஸ் கருவி மூன்று மீட்டருக்கு ஒரு புள்ளி வைக்கும். 25 ஹெர்ட்ஸ் 1.2 மீட்டருக்கு ஒன்று. பிரேக் மிதித்த இடம் அந்த மூன்று மீட்டருக்குள் எங்கே என்று தெரியாமல் என்ன கற்றுக்கொள்வது? ரேஸ்பாக்ஸ் மினி 25 தருகிறது, உள்ளங்கையில் அடங்கும், விபாக்ஸ் விலையில் சிறு பங்குதான். பெரிய பெயருக்குக் காசு கொடுப்பது உங்கள் விருப்பம்.

பட்டறைக்காரன்:
பெயருக்கா? லேத்தில் நின்று நூறில் ஒரு மில்லிமீட்டர் பார்த்து வளர்ந்தவனிடம் அளவு பற்றிப் பாடம் எடுக்கிறார். சாதாரண ஜிபிஎஸ் காட்டும் இடமே இரண்டு மூன்று மீட்டர் தள்ளி இருக்கும். தப்பான இடத்தை வினாடிக்கு 25 முறை சொன்னால் அது சரியான இடம் ஆகிவிடுமா?

ஈரோடு மஞ்சள்:
அந்தத் தவறு மெல்லத்தான் நகரும். அடுத்தடுத்து ஓட்டிய இரண்டு சுற்றுகளை ஒப்பிட அது பெரிய தடையில்லை. வேகத்தை இடத்திலிருந்து கணக்கிடுவதும் இல்லை. செயற்கைக்கோள் அலையின் டாப்ளர் மாற்றத்திலிருந்து (நகரும்போது அலையின் அதிர்வெண் மாறுவதிலிருந்து) எடுக்கிறார்கள். ஆகவே 25.

பொள்ளாச்சி இளநீர்:
இருவரிடமும் ஒன்று கேட்கலாமா? துல்லியம் என்று நீங்கள் சொல்வது இடத்தையா, வேகத்தையா, சுற்று நேரத்தையா?

பட்டறைக்காரன்:
பத்து போதும் என்கிறேன், அவ்வளவுதான். சுற்று தொடங்கும் கோட்டைக் கடந்த கணத்தை, முன்னும் பின்னும் உள்ள புள்ளிகளுக்கு இடையே கணக்கிட்டு மென்பொருளே சொல்லிவிடும். புதிதாக ஓட்ட வருகிறவர் அடுத்தடுத்த சுற்றுகளிலேயே இரண்டு மூன்று வினாடி ஏறி இறங்குவார். அவருக்கு 25 எதற்கு? ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்.

நூல்மில் தம்பி (திருப்பூர்):
அண்ணா, கேட்டவன் நான்தான். கைபேசியில் ரேஸ்குரோனோ செயலி போட்டு ஓட்டினால் போதாதா?

பட்டறைக்காரன்:
கைபேசி ஜிபிஎஸ் பெரும்பாலும் வினாடிக்கு ஒரு முறைதான் இடம் சொல்லும். 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. அதில் வளைவே காணாமல் போய்விடும், தம்பி.

ஈரோடு மஞ்சள்:
நல்ல நீதி! 1 போதாது, 10 போதும், 25 ஆடம்பரம். இந்தக் கோட்டைப் போட்டது கணபதிப் பட்டறையா? கோட்டைக் கடந்த கணத்தை மென்பொருள் கணக்கிடும் என்று சொன்னீர்களே, கைபேசிக்கு மட்டும் கணக்குப் போடாதா?

பட்டறைக்காரன்:
குதர்க்கம். பத்து.

சோழவரம் ரசிகன் (சென்னை):
2.1 கிலோமீட்டர் தடத்துக்கு இவ்வளவு சண்டையா? எங்கள் இருங்காட்டுக்கோட்டைத் தடம் 3.7 கிலோமீட்டர், 1990 முதல் ஓடுகிறது. அதற்கு முன் சோழவரம் விமான ஓடுதளத்தில் வைக்கோல் கட்டு அடுக்கி ஓட்டியவர்கள் நாங்கள். அப்போது லாகரும் இல்லை, ஹெர்ட்ஸும் இல்லை, கைக்கடிகாரம்தான்.

பட்டறைக்காரன்:
வந்துவிட்டார் தலைநகரத்தார். ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் எந்த ஊர்? 2005இல் ஜோர்டன் காரில் அமெரிக்க கிராண்ட் பிரியில் நான்காவதாக வந்தாரே!

சோழவரம் ரசிகன்:
அந்தப் பந்தயத்தில் மிச்சலின் டயர்க் கார்கள் எல்லாம் விலகிப்போய் ஆறே கார்கள் ஓடின என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பட்டறைக்காரன்:
ஆறில் நான்காவது வர உங்கள் ஊரிலிருந்து யாரை அனுப்பினீர்கள்? காரிவர்தன் இங்கே உட்கார்ந்து மலிவாகப் பந்தயக் கார் கட்டிக் கொடுக்காவிட்டால் அந்தத் தலைமுறையில் பாதிப் பேர் வேடிக்கைதான் பார்த்திருப்பார்கள். 1995இல் விமான விபத்தில் போன அந்த மனிதரின் பெயரைத்தான் 2003இல் இந்தத் தடத்துக்கு வைத்தார்கள். ஜி.டி. நாயுடுவைப் பற்றி நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

பொள்ளாச்சி இளநீர்:
தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். தம்பி வீடியோவும் கேட்டார், அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கேமராவை முன்கண்ணாடியில் ஒட்டாமல் இரண்டு இருக்கைகளுக்கு நடுவே, பின்னால் வைக்க வேண்டும். ஸ்டியரிங், கைகள், முன்னால் வரும் வளைவு எல்லாம் ஒரே படச்சட்டத்தில் தெரியும். கேமராவின் அதிர்வு நீக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். காருக்குள் அது குழம்பிப்போய், வெளியே இருக்கும் சாலையை நிறுத்திவைத்துக் காரை ஆட்டும். கோப்ரோ வாங்கினால் 2023இல் வந்த ஹீரோ 12இல் ஜிபிஎஸ் கிடையாது, அடுத்த ஆண்டு வந்த 13இல் திரும்ப வைத்தார்கள். இஞ்சின் சத்தம் பதிவதும் முக்கியம். கியர் எங்கே மாற்றினீர்கள் என்று காதே சொல்லும். காரின் ஓபிடி துளையில் (பழுது பார்க்கும் கருவியை இணைக்கும் இடம்) மலிவான ஈஎல்எம்327 இணைப்பியைச் சொருகினால் ஆக்சிலரேட்டர் அளவு தாமதமாக வரும், அதை நம்பாதீர்கள்.

நூல்மில் தம்பி:
நன்றி அண்ணா. அந்தக் கேமராவுக்கு எந்தப் பிடி நல்லது?

ஈரோடு மஞ்சள்:
பிடியா? இதே பட்டறைக்கார அண்ணா என்னிடம் இரும்புப் பிடி ஒன்றை வாங்கிப் போனார், "ஒரு திருகு மாற்றித் தருகிறேன்" என்று. இன்னும் அந்தத் திருகைக் கடைந்துகொண்டிருக்கிறார் போல.

பட்டறைக்காரன்:
அந்தப் பிடி மூன்றாவது வளைவில் ஆடியது உங்கள் வீடியோவிலேயே தெரிகிறது. திருத்தித்தான் வைத்திருக்கிறேன், வந்து எடுத்துக்கொள்ள ஆள்தான் வரவில்லை. பேச்சை மாற்ற வேண்டாம். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இங்கே எப்படி அடிக்கும் என்று பல்லடத்துக் காற்றாலைகளைக் கேளுங்கள். காற்று எதிரே வந்தால் நேர்த்தடத்தின் முடிவில் வேகம் குறையும், பின்னால் தள்ளினால் கூடும். காலையில் ஓட்டியதையும் மதியம் ஓட்டியதையும் வைத்து "மணிக்கு மூன்று கிலோமீட்டர் கூட்டிவிட்டேன்" என்று குதிக்கிறவர்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். டயர் சூடு வேறு, தரைச் சூடு வேறு. இத்தனையும் மாறும் இடத்தில், புள்ளிக்குப் புள்ளி 1.2 மீட்டரா மூன்று மீட்டரா என்று பார்த்து யார் தேறினார்கள்? வளைவுக்குள் குறைந்தபட்ச வேகம் எவ்வளவு, ஆக்சிலரேட்டரை எங்கே மறுபடி மிதித்தார், இந்த இரண்டையும் பார்க்கட்டும். அதற்குப் பத்து தாராளம்.

ஈரோடு மஞ்சள்:
அந்தக் குறைந்தபட்ச வேகம் ஒரு கணம்தான் இருக்கும், அண்ணா. அதை ஒழுங்காகப் பிடிக்கத்தான் 25.

பொள்ளாச்சி இளநீர்:
ஜிபிஎஸ் புள்ளிகளுக்கு இடையே உள்ளதை லாகருக்குள் இருக்கும் முடுக்கமானி (வேக மாற்றத்தை அளப்பது) நிரப்பும். நான் முதலில் கேட்ட கேள்வி அப்படியே கிடக்கிறது.

சோழவரம் ரசிகன்:
இருங்காட்டுக்கோட்டைக்கு வாருங்கள், வேகமான வளைவுகள் இருக்கின்றன. அங்கே தெரியும் பத்தா இருபத்தைந்தா என்று.

பட்டறைக்காரன்:
வருகிறோம், உங்கள் சுற்று நேரத்தை முதலில் இங்கே போடுங்கள். வைக்கோல் கட்டுக் காலத்து நேரம் வேண்டாம்.

நூல்மில் தம்பி:
நான் இப்போதைக்கு ரேஸ்பாக்ஸும் பழைய கோப்ரோவும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

ஈரோடு மஞ்சள்:
அருமை! பார்த்தீர்களா, அண்ணா?

பட்டறைக்காரன்:
எதைப் பார்க்க? விலை குறைவு என்று வாங்குகிறார், 25 என்று வாங்கவில்லை. தம்பி, ஓட்டிவிட்டுப் பதிவான கோப்பினை எனக்கு அனுப்புங்கள். அதிலிருந்து பத்துக்கு மேல் உள்ள புள்ளிகளை எடுத்துவிட்டு வரைபடம் போட்டுக் காட்டுகிறேன். ஈரோட்டார் வித்தியாசம் கண்டுபிடிக்கட்டும்.

ஈரோடு மஞ்சள்:
கோப்பு எதற்கு, நானே ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வருகிறேன். பிடியைத் துடைத்து வையுங்கள்.

பட்டறைக்காரன்:
ஞாயிறு விடுமுறை. திங்கள் வாருங்கள். பத்து மணிக்கு.