பிட்ச் டெக்: ‘கூறேடு’ என்று சொல்லலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

தொழிலில் பணம் போடும்படி முதலீட்டாளரைச் சம்மதிக்க வைக்கத் தயாரிக்கும் ஸ்லைடு தொகுப்பை ஆங்கிலத்தில் பிட்ச் டெக் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடிப் பத்து நாளாக இந்த இழையில் வந்த மடல்களை நேற்று இரவு உட்கார்ந்து வரிசையாகப் படித்தேன். நான் முதலில் சொன்ன ‘கேட்பேடு’ என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அதற்கான காரணத்தையும், பதிலுக்கு ஒரு சொல்லையும் கீழே எழுதியிருக்கிறேன். மடல் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மதுரை அக்கா எழுதியது:

> ‘விளக்கக்காட்சி’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. முன்னால் ‘முதலீட்டு’ என்று சேர்த்தால் வேலை முடிந்தது. இன்னொரு சொல் எதற்கு?

அக்கா, சொல் சரியானதுதான். ஆனால் அந்தச் சொல் ஒருவரை என்ன செய்ய வைக்கிறது என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதைச் சொல்கிறேன்.

இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் ஒரு தம்பி. கடற்பாசியைப் பச்சையாகப் பிழிந்து சாறு எடுத்து, அதைப் பயிருக்குத் தெளிக்கும் ஊக்கியாக விற்கிறான். சாறு எடுத்தபின் மிஞ்சும் சக்கையை, உணவைக் கெட்டியாக்கச் சேர்க்கும் காரகீனன் எடுப்பவர்களுக்குக் கொடுத்துவிடலாம், வீணாவது குறைவு. இந்தத் தொழில்நுட்பம் மண்டபத்துக்குப் புதிதல்ல. மத்திய உப்பு, கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் பாசி ஆய்வு நிலையம் இங்கேதான் இருக்கிறது. பாசியும் இங்கேயே கிடைக்கிறது. பாக் விரிகுடாப் பக்கம், அதாவது எங்கள் பேச்சில் வடகடலில், 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை கட்டி, ஏறக்குறைய 60 கிலோ விதைப்பாசியைக் கயிற்றில் முடிந்துவிட்டால் 45 நாளில் அறுவடை. அவனுடைய அம்மாவும் சித்தியும் பல வருடமாக மிதவை போடுகிறவர்கள்.

அவனுக்கு மதுரையில் ஒரு முதலீட்டாளர் கூட்டத்திலிருந்து அழைப்பு வந்தது. அழைப்புக் கடிதம் நல்ல தமிழில் இருந்தது. ‘தங்கள் நிறுவனம் குறித்த விளக்கக்காட்சியுடன் வரவும்’ என்று இருந்தது. தம்பி விளக்கிவிட்டான். மொத்தம் 34 வில்லைகள், அதாவது ஸ்லைடுகள். முதல் வில்லையில் நிறுவனச் சின்னம். அடுத்த பதினொன்றில் கடற்பாசி என்றால் என்ன, சிவப்புப்பாசி எது, பழுப்புப்பாசி எது, எந்தெந்த நாட்டில் வளர்க்கிறார்கள் என்று பாடம். பத்தொன்பதாவது வில்லையில்தான் அவனுடைய மிதவையின் படமே வந்தது. கடைசி வில்லையில் ‘நன்றி’, பக்கத்தில் ஒரு பூ. எவ்வளவு பணம் வேண்டும், எதற்கு வேண்டும், போட்டவருக்கு என்ன கிடைக்கும் என்று 34-லும் ஒரு வரி கிடையாது. அங்கிருந்த ஒருவர் அதைக் கேட்டபோது இவன் சொன்ன பதில்: “விளக்கம்தானே சார் கேட்டிருந்தீங்க.”

ஊருக்கு வந்து என்னிடம் இதைச் சொன்னபோது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவன் உழைப்பில் குறை இல்லை. அந்தச் சொல்லை அவன் நம்பினான், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் பிட்ச் என்றால் அதற்குள்ளேயே ‘எதிரே இருப்பவரைச் சம்மதிக்க வைக்கப் பேசுவது’ என்ற பொருள் கிடக்கிறது. விளக்கக்காட்சியில் அது இல்லை. அதில் ஆசிரியர் இருக்கிறார், மாணவர் இருக்கிறார். முடிவெடுக்க வேண்டிய ஆள் இல்லை.

இந்தக் காரணத்தால்தான் ‘கேட்பேடு’ என்று ஆரம்பித்தேன். கேள் என்றால் வினவுவதும் ஆகும், செவி கொடுப்பதும் ஆகும், இரண்டு பக்கத்துக்கும் பொருந்துகிறதே என்ற மகிழ்ச்சி. ஆனால் வருவாய்த்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன் எழுதிய மடல் என்னை நிறுத்திவிட்டது:

> கிராமக் கணக்கில் ‘கேட்பு, வசூல், நிலுவை’ என்று மூன்று பத்தி இருக்கும். கேட்பேடு என்று கேட்டால் எனக்கு வரிபாக்கிதான் ஞாபகம் வரும்.

சரியான தடை. அப்புறம் நான் தங்கச்சிமடத்தில் பாசி எடுக்கும் பெண்கள் சிலரிடம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ஒருவர் உடனே, “கேடுன்னு காதுல விழுதே, தொழில் தொடங்குறப்போ அப்படியா சொல்றது?” என்றார். சொல் காதில் எப்படி விழுகிறது என்பதற்கு அவரை விட்டால் வேறு நடுவர் இல்லை. ‘கோரிக்கை ஏடு’, ‘முறையீட்டு அடுக்கு’ என்று வந்த மற்ற இரண்டும் இதே இடத்தில் விழுகின்றன. கோரிக்கை என்றதும் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனுவோடு நிற்கும் வரிசை கண்ணில் வருகிறது. முதலீட்டாளரிடம் யாரும் மனு கொடுப்பதில்லை. பங்கு கொடுத்துப் பணம் வாங்குகிறோம்.

இலங்கை நண்பர் சொன்ன ‘அளிக்கை’ எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் அங்கே அது நாடகத்துக்கும் அரங்க நிகழ்ச்சிக்கும் வழங்குவதாக அவரே எழுதியிருக்கிறார். மேடையில் நிகழ்த்துவது அளிக்கை, கையில் கொடுத்துவிட்டு வருவது வேறொன்று. டெக் பெரும்பாலும் நாம் இல்லாத இடத்தில்தான் திறக்கப்படுகிறது. 2015-ல் டாக்செண்ட் என்ற நிறுவனம் 200 புத்தொழில்களின் (ஸ்டார்ட்அப்களின்) டெக்குகளை வைத்துப் பார்த்தபோது, முதலீட்டாளர் ஒரு டெக்குக்குச் செலவிட்ட நேரம் சராசரியாக 3 நிமிடம் 44 வினாடி என்று வந்தது. அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று பேச நாம் இருக்க மாட்டோம். ஏடுதான் பேச வேண்டும்.

‘எடுத்துரைப்பு அடுக்கு’ நீளம். ‘சுருதி தளம்’ என்று மொழிபெயர்ப்புக் கருவி தந்ததை ஒருவர் ஒட்டியிருந்தார். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அப்படித்தான் வரும். ஆங்கிலத்தில் அந்த ஒரே பிட்ச் பாட்டுக்குச் சுருதி, கிரிக்கெட்டுக்கு ஆடுகளம், படகுப் பலகை இடுக்கில் பூசும் கீல். டெக் என்றால் எங்கள் விசைப்படகுக்காரருக்குக் கால் ஊன்றி வலை இழுக்கும் தளம். ஆகவே அந்த இரண்டு சொல்லையும் விட்டுவிட்டு, அந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

போன வாரம் விடிகாலையில் பாம்பன் தெற்குவாடியில் நின்றுகொண்டிருந்தேன். கரைக்கு வந்த மீனைத் தார்ப்பாயில் கொட்டி, இனம் பிரித்து, கூறு கூறாக வைத்தார்கள். இந்தப் பக்கம் காரல் ஒரு கூறு, அங்கே கணவாய் ஒரு கூறு, தனியாக இரண்டு சீலா. ஏலம் கூறுபவர் ஒவ்வொரு கூறாக நகர்ந்தார். வியாபாரி குனிந்தார், ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார், வயிற்றை விரலால் அழுத்தினார், அடியில் கையை விட்டு ஒரு புரட்டுப் புரட்டினார், விலை சொன்னார். ஒரு கூறுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. மேலே நல்லதை வைத்து அடியில் நசுங்கியதைப் போட்டிருந்த ஒரு கூறை அவர் தொட்டதும் விட்டுவிட்டார். அடுத்த கூறையும் அதே சந்தேகத்தோடுதான் பார்த்தார்.

நான் பத்து நாளாகத் தேடிய சொல் அந்தத் தார்ப்பாயில் கிடந்தது. கூறு.

கூறு என்றால் பகுதி. கூறு என்றால் சொல். ஏலம் கூறு என்றால் பலர் முன்னால் விலைக்கு வை. இன்னொரு பொருளும் இருக்கிறது, தென்மாவட்டத்துக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. “கொஞ்சமாவது கூறு இருக்கா?” என்று அம்மா திட்டாத பிள்ளை இங்கே கிடையாது. கூறு கெட்டவன் என்றால் புத்தி இல்லாதவன். ஆக, பகுதி பகுதியாகப் பிரித்து, முடிவெடுப்பவர் முன் வைத்து, புத்தியோடு சொல்லும் ஏடு.

கூறு + ஏடு = கூறேடு.

புணர்ச்சியில் சிக்கல் இல்லை. குற்றியலுகரம் உயிர் வந்தால் கெடும், வழக்கமான விதிதான். வினைத்தொகையாகப் பார்த்தால் கூறுகின்ற ஏடு. பெயராகப் பார்த்தால் கூறுகளால் ஆன ஏடு. இரண்டும் நமக்கு வேண்டியதே. பேரேடு, குறிப்பேடு, கையேடு, நாளேடு என்று ஒரு குடும்பமே இருப்பதால் புதுச்சொல் என்ற உறுத்தல் குறைவு. உருபு ஏற்கிறது: கூறேட்டை அனுப்பினேன், கூறேட்டில் திருத்தம், கூறேடுகள். அடையும் சேர்கிறது: முதலீட்டுக் கூறேடு, வாடிக்கையாளர் கூறேடு. ஏட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ‘வில்லை’ இருக்கிறது, அதை மாற்ற வேண்டாம்.

இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு தம்பியும் நானும் அந்த 34-ஐ மறுபடி பிரித்தோம். “இதில் எத்தனை கூறு?” என்று கேட்டதுமே அவனுக்கு வழி தெரிந்துவிட்டது. அமெரிக்க முதலீட்டாளர் கை கவாசாகி (Guy Kawasaki) சொன்ன 10-20-30 கணக்கு, அதாவது 10 வில்லை, 20 நிமிடப் பேச்சு, 30 புள்ளி அளவுக்குக் குறையாத எழுத்து என்பது பலருக்கும் தெரியும். அதை அவனும் முன்பே படித்திருந்தான். ஆனால் 34-ல் எதை வெட்டுவது என்று அந்தக் கணக்கு அவனுக்குச் சொல்லவில்லை. கூறு சொன்னது. வாங்குபவர் கையால் தொட்டு விலை சொல்ல முடியாத வில்லை எதுவும் கூறு ஆகாது என்று வைத்துக்கொண்டோம். பாசிப் பாடம் பதினொன்றும் போயிற்று.

இப்போது முதல் வில்லையில் ஒரு படமும் ஒரு வரியும்தான். இராமநாதபுரம் முண்டு மிளகாய்ச் செடி, பக்கத்தில் சாற்றுக் குப்பி, ‘காலையில் அறுத்த பாசி, அன்றே பிழிந்த சாறு’. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற மிளகாய் அது. அதன் விவசாயிகள்தான் அவனுடைய முதல் வாடிக்கையாளர்கள், மிளகாய்க் காடும் மிதவையும் ஒரே மாவட்டத்தில். அடுத்து, யார் வாங்குகிறார்கள், திரும்ப வந்து வாங்கினவர்கள் எத்தனை பேர். அப்புறம் ஒரு குப்பிக்கு என்ன செலவு, என்ன மிச்சம். ஆட்கள் வில்லையில் அம்மாவும் சித்தியும் மிதவையோடு நிற்கும் படம். விதைப்பாசி விஷயத்தில் அவர்களுக்கு இருக்கும் பழக்கம் இந்தத் தொழிலின் பெரிய பலம், முன்பு அது 27-ஆவது வில்லையில் கிடந்தது.

ஒரு வில்லைக்குத்தான் எங்களுக்குள் வாக்குவாதம். ஆபத்துகளைச் சொல்வதா வேண்டாமா? வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளித்தால் மிதவை உடையும், அந்த மாதங்களில் பிழியப் புதுப்பாசி கிடைக்காது. மிதவையில் வளர்க்கும் கப்பாபைகஸ் என்ற சிவப்புப்பாசி வெளியிலிருந்து வந்த இனம், குருசடைத் தீவுப் பவளப்பாறைகளில் அது படர்ந்தது பதிவாகியிருக்கிறது. தென்கடல் பக்கம் 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா இருக்கிறது, அங்கே மிதவை போட முடியாது. “இதையெல்லாம் போட்டா யாரு சார் பணம் தருவா?” என்றான். தெற்குவாடியில் பார்த்த அந்தக் கூறைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவனே எழுதினான்: எந்த மாதங்களில் பிழியும் வேலை நிற்கும், அதுவரை ஓட்ட எவ்வளவு சாறு இருப்பு வைக்க வேண்டும், மிதவைகள் எந்தப் பக்கக் கடலில் மட்டும் இருக்கும். மொத்தக் கூறேட்டிலும் எனக்குப் பிடித்த வில்லை அதுதான்.

கடைசி வில்லையில் நன்றியும் இல்லை, பூவும் இல்லை. தொகை, அது எந்தெந்தச் செலவுக்கு, 18 மாதத்தில் எங்கே நிற்போம், பங்கு எவ்வளவு. கூட்டம் முடிந்தபிறகும் திரையில் நிற்பது அந்த வில்லை.

மிளகாய் விவசாயிகள் குழுவுக்கு வேறொரு கூறேடு, ஆறே வில்லை. சந்தை அளவு, பங்கு எல்லாம் அவர்களுக்கு எதற்கு? ஏக்கருக்கு எத்தனை குப்பி, எப்போது தெளிப்பது, தெளித்த பாத்தியும் தெளிக்காத பாத்தியும் பக்கத்தில் பக்கத்தில் படம், விலை, யாரைக் கூப்பிடுவது. ‘டெக் ஒன்று இருக்கிறது, அதையே எல்லோருக்கும் அனுப்பு’ என்ற பழக்கம் அவனிடம் போய்விட்டது. தெற்குவாடியில் கருவாட்டுக்காரருக்கும் ஏற்றுமதிக்காரருக்கும் ஒரே கூறை வைக்க மாட்டார்கள் என்பது அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய விஷயமா?

பணம் இன்னும் கைக்கு வரவில்லை. இரண்டாவது கூட்டத்தில் அவனிடம் கேட்ட முதல் கேள்வி “பிழியும் இயந்திரம் எங்கே வாங்குவீங்க?” என்பதாம்.

ஒரு தடையை நானே எழுப்பி வைக்கிறேன். ‘கூறு போடுதல்’ என்றால் துண்டாக்குவது என்ற கெட்ட பொருளும் உண்டு. நிறுவனத்தைக் கூறு போடும் ஏடு என்று யாராவது படிக்கலாம். இந்தத் தடை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கூறு, கூறுபாடு, உட்கூறு எல்லாம் பாடநூலில் நல்ல பொருளோடு புழங்குகின்றன. இருந்தாலும் உங்கள் காதில் அது முதலில் விழுகிறது என்றால் மறைக்காமல் எழுதுங்கள். பேச்சில் ‘டெக்’ என்று சொல்கிறவர்களை மாற்ற வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. அழைப்புக் கடிதம், பயிற்சித் தாள், விண்ணப்பப் படிவம், இவற்றில் எழுத ஒரு சொல் வேண்டும். ஸ்டார்ட்அப்புக்குப் ‘புத்தொழில்’ அரசுத் தாள்களில் நிலைத்துவிட்டது. அதன் பக்கத்தில் ‘புத்தொழில் கூறேடு’ என்று எழுதிப் பார்த்தேன், உறுத்தவில்லை.

அடுத்த வாரம் ஏர்வாடிப் பக்கம் சுய உதவிக்குழுப் பெண்களுக்கு ஒரு நாள் பயிற்சி இருக்கிறது. பனங்கருப்பட்டி, கருவாடு, பாசி என்று தொழில் தொடங்கியவர்கள். அதற்கான தாளை வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். அதற்குள் மாற்றுக் கருத்து இருந்தால் இந்த இழையிலேயே சொல்லிவிடுங்கள். இலங்கை நண்பர்களிடம் மட்டும் தனியாக ஒரு கேள்வி: உங்கள் மீன் சந்தையிலும் ‘கூறு’ என்றுதான் சொல்கிறீர்களா, அங்கே அதற்கு வேறு சொல் இருக்கிறதா?