டிராம் நிறுத்தத்தின் பெயருக்கு உரியவர்

நிலா, மாலை 6:12
பெரியப்பா, பார்சிலோனாவில் நான் நாள்தோறும் இறங்கும் டிராம் நிறுத்தத்திற்கு எர்னெஸ்ட் லுச் என்பவருடைய பெயரை வைத்திருக்கிறார்கள். சோசலிஸ்ட் அமைச்சராக இருந்தவர் என்று மட்டும் தோழி சொன்னாள்.

பெரியப்பா, 6:20
முதலில் பெயரைத் திருத்திக்கொள், அம்மா. பார்சிலோனா அடங்கிய பகுதியின் மொழியான கட்டலானில், Lluch என்பதன் இறுதி எழுத்துகள் 'க்' என்றே ஒலிக்கும், ஆகவே 'ல்யுக்'. 1937இல் விலசார் தே மார் என்னும் கடலோர ஊரில் பிறந்த அவர் பொருளாதாரப் பேராசிரியர். சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியை எதிர்த்ததால் பார்சிலோனா பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, வாலென்சியாவில் பாடம் நடத்தினார். 1977இல் ஜிரோனாவிலிருந்து நாடாளுமன்றம் சென்று, 1980 முதல் கட்டலான் சோசலிஸ்டுகளின் நாடாளுமன்றக் குழுவுக்குத் தலைமைப் பேச்சாளராக இருந்தார்.

மாமா, 6:24
ஸ்பெயினின் சோசலிஸ்ட் கட்சி ஒன்றுதானே? கட்டலான்களுக்கு எதற்குத் தனிக் குழு?

பெரியப்பா, 6:31
கட்டலான் சோசலிஸ்டுகள் தோழமைக் கட்சியாகத் தனித்து அமைந்தவர்கள். அதனால் 1982 வரை மாட்ரிட் அவையில் அவர்களுக்கெனத் தனிக் குழுவும் தனிக் குரலும் இருந்தன. அந்த ஆண்டுத் தேர்தலில் சோசலிஸ்டுகள் 202 இடங்களை வென்ற பிறகு அந்தத் தனிக் குழு மறைந்துபோனது. என்னைக் கேட்டால், வெற்றியின் ஆரவாரத்தில் நேர்ந்த இழப்பு அது.

சித்தி, 6:38
செவிலியாக இருந்தவள் என்பதால் எனக்கு அவருடைய அமைச்சர் பணிதான் பெரிதாகத் தெரிகிறது. சோசலிஸ்ட் பிரதமர் கொன்சாலஸின் அரசில் 1982 முதல் 1986 வரை சுகாதார அமைச்சராக இருந்து, 1986 ஏப்ரலில் பொதுச் சுகாதாரச் சட்டத்தைக் கொண்டுவந்தார். சமூகக் காப்பீட்டில் சேர்ந்தவர்களை மையமாகக் கொண்டிருந்த மருத்துவம் அனைவருக்கும் உரியது என்று படிப்படியாக மாறுவதற்கும், மருத்துவ நிர்வாகம் மாநிலங்களைப் போன்ற தன்னாட்சிப் பகுதிகளின் கைக்குப் போவதற்கும் அடித்தளம் இட்டது அதுவே. மருத்துவர் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. நிலா, உன் கையிலுள்ள சுகாதார அட்டையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

நிலா, 6:41
அவ்வளவு செய்தவர் ஏன் 1986இலேயே பதவியை விட்டார், சித்தி?

பெரியப்பா, 6:47
அவர் மறுபடியும் வகுப்பறைக்கே திரும்பினார். பின்னர் மெனெந்தெஸ் பெலாயோ பன்னாட்டுப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார். ஆனால் ஸ்பெயினின் வடக்கிலுள்ள பாஸ்க் நாட்டுச் சிக்கல் அவரை விடவில்லை. 1999இல், பாஸ்க் தனிநாடு கேட்டு ஆயுதம் ஏந்திய எட்டா அமைப்பு போர்நிறுத்தம் அறிவித்திருந்த வேளையில், சான் செபாஸ்தியான் என்னும் பாஸ்க் நகரில் தேர்தல் கூட்டத்தில் எட்டா ஆதரவாளர்கள் கூச்சலிட்டபோது, இன்னும் உரக்கக் கத்துங்கள், கத்திக்கொண்டிருக்கும்வரை நீங்கள் கொல்லமாட்டீர்கள் என்ற பொருளில் மேடையிலிருந்தே பதில் சொன்னார்.

நிலா, 6:49
அதற்குப் பிறகு?

பெரியப்பா, 6:53
அந்த ஆண்டின் இறுதியிலேயே போர்நிறுத்தம் முறிந்தது. 2000 நவம்பர் 21 அன்று, பார்சிலோனாவில் தம் வீட்டின் கார் நிறுத்துமிடத்தில் ல்யுக்கை எட்டா சுட்டுக் கொன்றது. வயது 63.

சித்தி, 6:57
இரண்டு நாள் கழித்து நடந்த பேரணியில் பிரதமர் அஸ்னார் முதல் எல்லாத் தலைவர்களும் நின்றிருக்க, அறிக்கையை வாசித்த பத்திரிகையாளர் ஜெம்மா நியெர்கா, எழுதிக் கொடுத்ததோடு நிறுத்தாமல், ல்யுக் தம்மைக் கொன்றவனோடும் பேச முயன்றிருப்பார், உங்களால் முடியும் என்பதால் தயவுசெய்து பேசுங்கள் என்று சேர்த்துச் சொன்னார்.

மாமா, 7:03
பேசினார்களா என்பதில் எனக்கு ஐயம்தான், அண்ணி. எட்டா ஆயுதப் போராட்டத்தை நிரந்தரமாகக் கைவிடுவதாக அறிவித்தது 2011 அக்டோபரில்தான்.