பொண்ணுங்க ஃபுட்பால் ரீல்ஸ்: நிறம், ஏரியா வச்சு வர்ற கமென்ட்டை என்ன செய்யலாம்?

வியாசை_கோல்:
வியாசர்பாடி பொண்ணுங்க டீமுக்கு இன்ஸ்டா பக்கம் இருக்கு. பசங்க மேட்ச் போட்டா ஆட்டத்தப் பத்திப் பேச்சு. பொண்ணுங்க ரீல்ஸ்னா நிறம், ஷார்ட்ஸ், "ஹவுசிங் போர்டு", "எப்ப கல்யாணம்". கமென்ட்ட மூடினா ரீச் (எத்தன பேருக்குப் போய்ச் சேருதுன்றது) அடிபடுமா? எந்த வார்த்தையத் தடுக்கலாம்?

ராயபுரம்_அக்கா:
மூட வேணாம் தம்பி. ஆனா அசிங்கத்த அழிக்கப் பயப்படவும் வேணாம். ரீச்சுக்கு முக்கியம்னு 2025 தொடக்கத்துல இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி சொன்னது மூணு: பாக்குற நேரம், லைக், அடுத்தவங்களுக்கு அனுப்புறது. கமென்ட் அதுல இல்ல.

செட்டிங்ஸ்ல 'ஹிடன் வேர்ட்ஸ்' போய், எந்த வார்த்தை இருக்குற கமென்ட்ட மறைக்கணுமோ அந்தப் பட்டியலச் சேருங்க. தமிழ்ல இங்கதான் சிக்கல். "கருப்பி"ன்னு ஒண்ணு மட்டும் போட்டா "கருப்பிய", "கருப்பிக்கு" எல்லாம் தப்பிச்சு வந்துடும், உருபு வார்த்தையோட ஒட்டிக்குது இல்ல. ஒவ்வொரு வடிவமும் தனியாப் போடணும். இங்கிலீஷ் எழுத்துல karupi, karuppi ரெண்டும் வேணும். குரங்கு எமோஜியையும் சேருங்க.

"கருப்பு", "ஹவுசிங் போர்டு" ரெண்டையும் தனி வார்த்தையாத் தடுத்துடாதீங்க. ஒண்ணு ஜெர்சி நிறம், இன்னொண்ணு அந்தப் பொண்ணுங்க வீடு. "எங்க ஹவுசிங் போர்டு சிங்கம்"னு எழுதுற பக்கத்து வீட்டுக்காரர் கமென்ட்டும் மறைஞ்சு போனா அது நமக்குத்தான் அவமானம். திட்டுற முழுச் சொற்றொடரத் தடுங்க, மிச்சத்தக் கண்ணால பாத்து அழிங்க.

கொருக்குப்பேட்டை_ரெஃப்ரி:
அக்கா சொன்னது சரி. கூடவே, பிளாக் பண்ணா வேற ஐடில வருவான். 'ரெஸ்ட்ரிக்ட்' பண்ணுங்க, அவன் கமென்ட் அவனுக்கு மட்டும் தெரியும், அவனுக்குத் தகவலும் போகாது.

கேப்ஷன்ல "சிங்கப்பெண்கள்"னு போட்டா பேச்சு பொண்ணுங்கன்றதுலயே நிக்கும். "இந்த பாஸ் லெஃப்ட் விங்குக்குப் போயிருக்கணுமா?"ன்னு கேளுங்க. ஆட்டம் தெரிஞ்சவங்க பதில் வந்ததும் 3 கமென்ட் வரைக்கும் மேலயே நிக்கிற மாதிரி 'பின்' (pin) பண்ணலாம். அதப் பாத்துட்டுதான் அடுத்து வர்றவங்க எழுதுவாங்க.

வியாசை_கோல்:
மிரட்டல் மெசேஜ் வந்தா?

ராயபுரம்_அக்கா:
அழிக்காதீங்க. ப்ரொஃபைல் லிங்க், தேதி, நேரம் தெரியுற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்க. தேசிய சைபர் கிரைம் போர்ட்டல்ல புகார் குடுங்க. 1930 ஹெல்ப்லைன் நம்பர் முக்கியமா பண மோசடிக்கு. எஸ்சி, எஸ்டி பொண்ண சாதியச் சொல்லித் திட்டியிருந்தா 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் புகார்லயே எழுதுங்க. 18 வயசுக்குள்ள இருக்குற பொண்ணு வீடியோல முழுப்பேர், ஸ்கூல், பிராக்டிஸ் நேரம் எதுவும் போடாதீங்க. பழைய பதிவுல இருந்தா இன்னைக்கே எடுத்துடுங்க.